எழுத்தாணி திரும்பி வந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு நமது வலக்கை மணிக்கட்டில் ஒரு வலி தோன்றியது. மறையுரைக் குறிப்புகள், பங்கு மடல், பதிவேட்டுப் படிகள், ஆயர் இல்லத்திற்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கை என நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் கணிப்பொறியின் முன் அமர்ந்து, மவுஸ் எனும் அச்சிறு கருவியைப் பற்றிப் பற்றி விரல்கள் மரத்துப்போயிருந்த காலம் அது. தைலமும் ஒத்தடமும் பயன் தரவில்லை. நம் நிலை கண்ட பங்கு இளைஞர் ஒருவர், ஓவியம் வரையும் பழக்கமுடையவர், தாம் பயன்படுத்தி ஒதுக்கி வைத்திருந்த கறுப்புப் பலகையொன்றையும் அதற்குரிய பேனாவையும் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். "சாமி, மவுஸை எடுத்து அலமாரியில் போட்டுவிடுங்கள். ஒரு வாரம் இதை வைத்து எழுதிப் பாருங்கள்" என்றார்.

முதல் நாள் பட்ட பாடு சொல்லி முடியாது. பேனா ஓடுகிற இடம் ஒன்று. கோடு தோன்றுகிற இடம் வேறொன்று. கையைப் பார்த்தால் பலகையில் ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தால் கை எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. ஐம்பது ஆண்டு காலம் எழுதும் விரலையே பார்த்துப் பழகிய கண்ணை நிமிர்த்துவது எளிதன்று. ஆயினும் ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது; மாதம் ஒன்று கழிந்தபோது வலியும் தணிந்தது. அதற்குப் பின்னரே, யார் இதை முதலில் எண்ணிப் பார்த்தார்கள், இவ்வளவு இயல்பான ஒரு கருவி நம் மேசைக்கு வந்து சேர ஏன் இத்தனை காலமாயிற்று என்று தேடிப் படிக்கலானோம். படித்ததில் ஒரு பகுதியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தாணி தமிழர்க்குப் புதிதன்று. ஓலையை இடக்கையில் ஏந்தி, கூர்முனையால் கீறி, கரி பூசித் துடைத்து எழுத்தைத் தெளிவாக்கிய மரபு நம்முடையது. ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டு எழுதிய வழக்கமும் அதனோடு வந்தது. உரோமையர்க்கோ மெழுகு பூசிய மரப்பலகை. அதில் எழுதும் ஆணியின் பெயரே ஸ்டைலஸ். ஒரு முனை கூர், எழுதுவதற்கு. மறுமுனை தட்டை, மெழுகைத் தேய்த்து அழிப்பதற்கு. இன்றைய கணிப்பொறிப் பேனாக்கள் சிலவற்றைத் தலைகீழாகத் திருப்பித் தேய்த்தால் எழுத்து அழிகிறது என்பதைக் கண்டபோது உரோமைப் பள்ளிச் சிறுவன் ஒருவனே அதை வடிவமைத்தானோ என்று நமக்குத் தோன்றியது. அப்பள்ளிச் சிறுவர்களைப் பற்றி ஒரு துன்பக் கதையும் உண்டு. இமோலா நகரின் புனித கசியான் சுருக்கெழுத்துக் கற்பித்த ஆசிரியர். மறைக்கலகக் காலத்தில் அவரைத் தண்டிக்கும் பொறுப்பு அவருடைய மாணவர்களிடமே விடப்பட்டதாகவும், அவர்கள் தங்கள் எழுத்தாணிகளாலேயே அவரைக் குத்திக் கொன்றதாகவும் இலத்தீன் கவிஞர் புருடென்சியுஸ் பாடிச் சென்றார். ஆசிரியர்கள் கையெழுத்தைத் திருத்தும்போது இதனை நினைவில் கொள்வது நலம்.

நிற்க. மின்சாரம் எழுத்தாணியோடு சேர்ந்த வரலாறு அமெரிக்காவில் எலிஷா கிரே என்பவரிடம் தொடங்குகிறது. 1876 பிப்ரவரி 14 அன்று தொலைபேசி தொடர்பான ஆவணங்களை அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் சார்பிலும், அதே நாளில் அதே அலுவலகத்தில் கிரேயின் சார்பிலும் கொடுத்தார்கள். பெல்லுக்குப் புகழ் போயிற்று. கிரே வரலாற்றின் அடிக்குறிப்பானார். ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. 1888இல் டெலாட்டோகிராப் எனும் கருவிக்கு உரிமம் பெற்றார். ஓர் ஊரில் ஒருவர் பேனாவால் எழுத, அப்பேனாவின் அசைவு மின்னோட்டமாகி, கம்பி வழியே சென்று, மற்றோர் ஊரில் இன்னொரு பேனாவை அதே வண்ணம் அசைத்து எழுதும். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மக்கள் அதனைக் கண்டு வியந்தனர். வங்கிகளிலும் இரயில் நிலையங்களிலும் அது நெடுங்காலம் பணியாற்றிற்று. கையொப்பத்தையே தொலைவுக்கு அனுப்ப முடிந்ததன்றோ?

ஆனால் கிரேயின் கருவி எழுத்தைச் சுமந்தது, படிக்கவில்லை. எழுதியவர் தமிழில் எழுதினாலும் கிறுக்கினாலும் அதற்கு ஒன்றே. இவ்வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். எழுத்தைச் சுமப்பது எளிது, படிப்பது அரிது. இதன் பின் வந்த நூறாண்டு முயற்சியும், அதில் கரைந்த கோடிக்கணக்கான பணமும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுந்தவையே.

படிக்க முயன்ற முன்னோடிகளுள் ஒன்று 1957இல் வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாம் டைமண்ட் என்பவர் ஸ்டைலேட்டர் என்ற கருவியை அவ்வாண்டில் விவரித்தார். சிறு பலகையொன்றில் இரண்டு புள்ளிகள். அப்புள்ளிகளிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் கம்பிக் கோடுகள். எழுதுபவர் இரு புள்ளிகளையும் சுற்றியே எண்ணை எழுத வேண்டும். எழுத்தாணி எந்தெந்தக் கோட்டைக் கடக்கிறது என்பதைக் கொண்டு அது 2ஆ, 7ஆ என்று கருவி முடிவு செய்யும். நல்ல சூழ்ச்சிதான். ஆனால் புள்ளிகளை மறந்துவிட்டு நம் விருப்பம்போல் எழுதினால் அது திகைத்துவிடும். "நான் சொல்கிறபடி நீ எழுது, அப்போது படிக்கிறேன்" என்று பொறி மனிதனுக்கு விதித்த முதல் நிபந்தனைகளுள் இதுவும் ஒன்று என்று கூறலாம்.

அதே காலத்தில் மற்றொரு வழியும் திறந்தது. அமெரிக்க வான்காப்புக்கென அமைக்கப்பட்ட சேஜ் என்ற மாபெரும் கணிப்பொறி அமைப்பில், திரையில் தோன்றும் விமானப் புள்ளியைச் சுட்டிக்காட்ட ஒளித்துப்பாக்கி என ஒன்றை வைத்திருந்தார்கள். அதிலிருந்து வளர்ந்தது ஒளிப்பேனா. பெயரைக் கண்டு மயங்க வேண்டா. அது ஒளியை வீசுவதன்று, திரையின் ஒளியை உணர்வது. 1963இல் ஐவன் சதர்லாந்து என்ற இளம் ஆய்வாளர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் எனும் நிரலை அமைத்து, ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடும் வட்டமும் வரைந்து காட்டினார். கோணல்மாணலாகக் கை இழுத்த கோட்டைக் கணிப்பொறி நேராக்கிக் கொடுத்தது. எண்களை அட்டையில் துளையிட்டுக் கொடுத்து மறுநாள் விடை பெற்றுக்கொண்டிருந்த அக்காலத்தில் இது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒளிப்பேனாவுக்கு ஒரு குறை. திரை செங்குத்தாக நிற்பது. கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தே எழுத வேண்டும். கால் மணி நேரத்தில் தோள் இற்றுவிடும். இரபிதீமில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் கூரும் இருபுறமும் நின்று தாங்கிக்கொண்டார்கள்; பொறியாளருக்கு அப்படித் தாங்க எவருமில்லை.

ஆகவே பலகையை மேசைமேல் கிடத்தினால் என்ன என்று எண்ணினார்கள் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரில் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய மால்கம் டேவிஸும் டாம் எல்லிஸும். 1964இல் வெளியான அவர்களது ராண்ட் பலகையே நம் மேசைமேல் கிடக்கும் கறுப்புப் பலகையின் நேர்ப் பாட்டன். பத்து அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான சதுரம். அதன் அடியில் மயிரிழை போன்ற செப்புக் கோடுகள், கிடையாக 1,024, நெடுக்காக 1,024. ஒவ்வொரு கோட்டிலும் தனக்கே உரிய மின்துடிப்பு வரிசை ஓடிக்கொண்டிருக்கும். பேனாவின் முனை எக்கோட்டின் துடிப்பைக் கேட்கிறதோ அதுவே அதன் இருப்பிடம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை இவ்வாறு பிரித்தறியலாம். பேனாவை அழுத்தினால் முனையிலுள்ள சிறு விசை, எழுத்துத் தொடங்கிற்று என்று அறிவிக்கும். விலை 18,000 டாலர். அந்நாளைய அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பம் ஒன்று வீடே வாங்கியிருக்கக்கூடிய தொகை அது.

இப்பலகைக்கென எல்லிஸும் அவர்தம் தோழர்களும் கிரெயில் என்ற நிரல் அமைப்பை அறுபதுகளின் இறுதிக்குள் உருவாக்கினர். அதன் செயலைக் காட்டும் பழைய படச்சுருளொன்று எஞ்சியுள்ளது. அதைக் காணும்போது நமக்குச் சற்று வியப்பும் சற்று வெட்கமும் ஒருங்கே உண்டாகின்றன. ஒருவர் பலகையில் கோணலாக ஒரு கட்டம் வரைகிறார். திரையில் அது செவ்வையான கட்டமாகிறது. அதனுள் கையால் எழுத்துகளை எழுதுகிறார், அவை அச்செழுத்தாகின்றன. வேண்டாத ஒன்றின்மேல் கிறுக்குகிறார்; அது மறைந்துபோகிறது. விசைப்பலகை இல்லை, மவுஸ் இல்லை. கையில் பேனா ஒன்றே. வெட்கம் எதற்கெனில், அரை நூற்றாண்டு கழித்து அதே வேலையை நம் கணிப்பொறியில் செய்ய நாம் மூன்று பட்டிகளைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது.

அவ்வளவு சிறந்ததாயின் அது ஏன் உலகை வெல்லவில்லை? விலை ஒரு காரணம். மற்றொரு காரணம், அதே 1964இல் அதே கலிபோர்னியாவில் பிறந்த ஒரு மரக்கட்டை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட் எண்ணியதை, பில் இங்கிலீஷ் செய்து கொடுத்தார். மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான். வால்போல் கம்பி நீண்டதால் எலி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கல்பர்ட் குழுவினர் தம் கருவியின்மேல் கொண்ட பற்றினால் மட்டும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் அசைக்கும் கருவி என்று பலவற்றையும் ஒப்பிட்டுச் சோதித்து 1967இல் முடிவை வெளியிட்டார்கள். பழகியவர்கள் கையில் எலியே விரைவாகவும் பிழை குறைவாகவும் ஓடியது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் அதைப் பொதுமேடையில் காட்டினார். 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் அதனை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது.

நியாயமாகப் பேச வேண்டுமானால், எலிக்கு ஒரு நற்குணம் உண்டு. கையை எடுத்தால் விட்ட இடத்திலேயே இருக்கும். பேனாவை ஒவ்வொரு முறையும் கீழே வைக்க வேண்டும், மீண்டும் தேடி எடுக்க வேண்டும். நாமே பேனாவைப் பதிவேட்டுக்குள் வைத்து மூடிவிட்டு அரைமணி நேரம் தேடியதுண்டு. எழுத்துகளை உள்ளிடும் விரைவிலும் தட்டச்சுப் பயின்றவர் நிமிடத்துக்கு 40, 50 சொற்களை அடிக்கும்போது, கையால் எழுதுபவர் 20, 25 சொற்களைத் தாண்டுவது கடினம். எனவே அலுவலகங்கள் விசைப்பலகையையும் எலியையும் தழுவிக்கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் எல்லாரும் அலுவலகத்தில் தட்டச்சுச் செய்பவர்களா? இக்கேள்வியைக் கேட்டவர் ஆலன் கே. கிரெயில் அமைப்பை நேரில் கண்டு உள்ளம் பறிகொடுத்த அவர், 1972இல் டைனாபுக் என்ற கனவுக் கருவியைப் பற்றி எழுதினார். குறிப்பேடு போன்ற வடிவில், குழந்தைகள் கையில் ஏந்திச் செல்லக்கூடிய கணிப்பொறி. எழுதவும் வரையவும் பேனாவும் உண்டு. கணிப்பொறிகள் அறை நிறைய இருந்த காலத்தில் அவர் அதனைக் காகிதத்தில்தான் வரைய முடிந்தது. அட்டையில் மாதிரி செய்து பார்க்க முடிந்தது.

அட்டை கருவியாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 1987இல் ஜெர்ரி கேப்லன் என்பவர் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மிட்ச் கேப்போருடன் விமானத்தில் பயணம் செய்துகொண்டிருந்தார். கேப்போர் துண்டுத் தாள்களில் கிறுக்கி வைத்திருந்த குறிப்புகளை எடுத்துப் பளுவான கணிப்பொறியில் ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றிக்கொண்டிருக்கக் கண்டு, இவற்றை முதலிலேயே கணிப்பொறிமேல் எழுதியிருக்கலாகாதா என்று இருவரும் பேசியதிலிருந்து கோ எனும் நிறுவனம் பிறந்தது. பென்பாயின்ட் என்ற அவர்களது இயக்க அமைப்பு, குறிப்பேட்டைப்போல் பக்கங்களும் ஓரத்தில் பிரிவுச் சீட்டுகளும் கொண்டது, 1992இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்டும் விண்டோஸில் பேனாவால் எழுதும் வசதியை வெளியிட்டது. ஏறத்தாழ 7.5 கோடி டாலர் முதலீட்டை விழுங்கியபின், ஏ.டி. அண்டு டி. கைக்குச் சென்ற கோ 1994இல் மூடப்பட்டது. பணம் போட்டவர்களுக்கும் உழைத்த இளைஞர்களுக்கும் மிஞ்சியது கேப்லன் பின்னாளில் எழுதிய ஒரு நூல் மட்டுமே எனலாம். இதற்கிடையில் 1989இலேயே ஜெஃப் ஹாக்கின்ஸ் உருவாக்கிய கிரிட்பேட் என்ற பலகைக் கணிப்பொறி விற்பனைக்கு வந்து, படிவங்களை நிரப்புவோர், சரக்குக் கணக்கு எடுப்போர் முதலியோரிடையே ஓரளவு வழங்கி வந்தது. அந்த ஹாக்கின்ஸை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும், மீண்டும் வருவார்.

1993 ஆகஸ்டில் ஆப்பிளின் நியூட்டன் வந்தது. கையடக்கப் பலகை, விலை 699 டாலர், உங்கள் கையெழுத்தை, சேர்த்து எழுதினாலும் படித்துவிடும் என்பது வாக்கு. படிக்கும் கலையை ஆப்பிளுக்குத் தந்தவர்கள் பாராகிராஃப் என்ற இரஷ்ய நிறுவனத்தார். சோவியத் ஒன்றியம் சிதைந்த நாள்களில் மாஸ்கோவில் வளர்ந்த ஓர் அறிவுத்திறம், அமெரிக்க வணிகரின் சட்டைப்பையில் இங்கிலீஷ் கையெழுத்தைப் படிக்கச் சென்றது என்பதே ஒரு தனிக் கதை. அவர்கள் முறை அகராதியை நம்பியது. கிறுக்கலைக் கண்டதும் அகராதியில் இதற்கு நெருக்கமான சொல் எது என்று தேடும். சரியாக அமைந்தால் வியப்பு. தவறினால் ஓர் எழுத்துப் பிழையன்று, முற்றிலும் தொடர்பற்ற வேறொரு சொல் வந்து நிற்கும். இவ்வகைப் பிழை எவரையும் சிரிக்க வைக்கும். அவ்வாறே ஆயிற்று. டூன்ஸ்பரி என்ற புகழ்பெற்ற கேலிச்சித்திரத் தொடர் அதே மாதத்தில் நியூட்டனை நாள்தோறும் எள்ளி நகையாடியது, நாடே சிரித்தது.

பின்னர் நிகழ்ந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆப்பிளின் ஆய்வாளர்கள் பிரித்து எழுதும் எழுத்துகளைப் படிக்கப் புதியதொரு முறையை உழைத்து உருவாக்கினார்கள். நியூட்டனின் இரண்டாம் பதிப்பு மென்பொருளில் அது இடம்பெற்றது; நன்றாகவும் படித்தது. ஆனால் கேட்கத்தான் எவருமில்லை. ஒருமுறை ஊர் சிரித்துவிட்டால் திருந்தியவனை ஊர் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதைப் பங்குகளில் முப்பதாண்டுப் பணியில் நாம் கண்டிருக்கிறோம். கருவிகளுக்கும் அதே நியதி போலும். 1998 பிப்ரவரியில் நியூட்டனை நிறுத்திவிட்டார்கள்.

ஹாக்கின்ஸ் இத்தோல்விகளை அருகிருந்து பார்த்தவர். அவர் செய்துகொண்ட முடிவு துணிச்சலானது. பொறி மனிதனின் எழுத்தைக் கற்க முடியாவிட்டால், மனிதன் பொறியின் எழுத்தைக் கற்கட்டும். கிராஃபிட்டி என்று பெயரிட்டு ஓர் எழுத்து வரிசையை அமைத்தார். ஒவ்வோர் எழுத்தும் பெரும்பாலும் ஒரே இழுப்பில் முடியும். இங்கிலீஷின் முதல் எழுத்துக்குக் குறுக்குக்கோடு கிடையாது. கூரைபோல் இரு சரிவுகள் மட்டும். எழுத்துகளை அடுத்தடுத்து எழுதாமல், ஒரே சிறு கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுத வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி, அதைக் கூட்டங்களுக்கெல்லாம் எடுத்துச் சென்று, கணிப்பொறியில் எழுதுவதுபோல் அதன்மேல் குச்சியால் எழுதிப் பார்த்தாராம். அம்மரத்துண்டின் அளவில் 1996இல் பாம் பைலட் வந்தது. விலை 299 டாலரிலிருந்து. மக்கள் அரைமணி நேரத்தில் அவ்வெழுத்துகளைக் கற்றுக்கொண்டார்கள், முணுமுணுக்காமல். இலட்சக்கணக்கில் விற்றது.

இதை எப்படி மதிப்பிடுவது? நமக்கு இதில் இரு மனம். ஒருபுறம், இது ஹாக்கின்ஸின் நேர்மை. முடியாததை முடியும் என்று சொல்லி விற்கவில்லை. மறுபுறம், டைமண்டின் இரு புள்ளிகளே வேறு உருவில் திரும்பிவிட்டன. அதைவிடக் கசப்பான பின்கதை ஒன்றுண்டு. ஒரே இழுப்பில் எழுதும் எழுத்துமுறைக்குத் தமக்கு முன்னுரிமை உண்டென்று ஜெராக்ஸ் நிறுவனம் 1997இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2003இல் பாம் கருவிகள் வேறோர் எழுத்துமுறைக்கு மாறின. பயனுள்ளதென்று நம்பித் தம் கையெழுத்தையே மாற்றிக்கொண்ட எத்தனையோ பேர், வழக்கறிஞர்களின் வாதத்தால் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க நேர்ந்தது. எழுத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருக்க முடியுமா என்ற கேள்வியை அவ்வழக்கு நம்முள் எழுப்புகிறது.

2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் டேப்லட் கணிப்பொறியை வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டே பில் கேட்ஸ், ஐந்தாண்டுகளில் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் கணிப்பொறி வகை இதுவாகவே இருக்கும் என்று முன்னறிவித்திருந்தார். அது நிறைவேறவில்லை. கருவி பளு, விலை மிகுதி, உள்ளே இருந்த நிரல்களோ எலிக்கென எழுதப்பட்டவை. எலியின் நுனிக்கு அளவெடுத்த சிறு பொத்தான்களைப் பேனாவால் குத்துவது ஊசியில் நூல் கோப்பது போன்றது. இருமுறை அடுத்தடுத்துத் தட்டுவதற்குள் பேனா முனை சற்றே நழுவிவிடும். இருந்தும் அதில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது. எழுதிய மையை மையாகவே வைத்துக்கொள்ளலாம். அச்செழுத்தாக மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. பின்னணியில் பொறி அமைதியாகப் படித்து வைத்துக்கொள்ளும், தேடும்போது எடுத்துக் கொடுக்க. சுமப்பதையும் படிப்பதையும் இப்படிப் பிரித்து வைத்தது அறிவுடைமை.

இத்தகைய கருவிகள் பலவற்றில் அமைந்திருந்த பேனாவின் இரகசியம் ஜப்பானுடையது. 1983இல் தோன்றிய வேக்கம் நிறுவனத்தார், கம்பியும் மின்கலமும் இல்லாத பேனாவைச் செய்தார்கள். பலகையின் அடியிலுள்ள கம்பிச் சுருள்கள் காந்த அலையை எழுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் அதை ஏற்று, அதே ஆற்றலைக் கொண்டு மறுமொழி அலையை அனுப்பும். முனையை அழுத்த அழுத்த அம்மறுமொழியின் தன்மை மாறும், கோடு தடிக்கும். மின்கலம் இல்லாமையால் பேனா இலேசாகவே இருக்கும். நம் மணிக்கட்டைக் காத்ததும் இவ்வகைப் பேனாவே.

2007இல் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், பேனா எவருக்கு வேண்டும் என்று மேடையிலேயே கேட்டார். கடவுள் கொடுத்த விரல்கள் பத்து இருக்க, தொலைந்துபோகும் குச்சி எதற்கு என்பது அவர் கருத்து. 2010இல் வந்த ஐபேட் விரலுக்கே உரியதாயிருந்தது. அவர் 2011இல் மறைந்தார். 2015இல் அதே ஆப்பிள் நிறுவனம் 99 டாலர் விலையில் பென்சில் என்ற பெயரிட்டு ஒரு பேனாவை விற்கத் தொடங்கியது. இதைச் சொல்லி நகைப்பவர் பலர். நாம் நகைக்கவில்லை. பட்டியலைத் தட்டுவதற்கு விரல் போதும். எழுதுவதற்கும் வரைவதற்கும் போதாது. இரண்டும் வெவ்வேறு தேவைகள். முதல் தேவையைப் பற்றி அவர் கூறியது சரியே.

இனி நம் மொழிக்கு வருவோம். இந்தியாவில் எழுத்தாணியோடு வந்த கணிப்பொறிகளுள் பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டர் முன்னோடி. 2004இல் அமிடா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அதே பெங்களூரில் எச்.பி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தார் செய்த பணி தமிழுக்கு நேரே பயன்பட்டது. பெங்களூரிலும் சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், முதியோர் எனப் பலதரத்தாரிடம் பலகைக் கணிப்பொறியைக் கொடுத்துத் தமிழ் எழுத்துகளை எழுதச் செய்து சேகரித்தார்கள். அதைக் கொண்டு 2006இல் உலக ஆய்வாளர்களிடையே ஒரு போட்டியும் நடந்தது. எழுத்து 247 ஆயினும் அவர்கள் எடுத்துக்கொண்ட வடிவங்கள் 156. துணைக்காலும் கொம்பும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்பதால் அவற்றை ஒருமுறை எண்ணினால் போதும். கி, கு போல உடலோடு ஒட்டிய வடிவங்களையோ ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

நாம் ஓரிடத்தில் நின்று வியந்தோம். பேனாவால் எழுதும்போது பொறி எழுத்தை மட்டும் காண்பதில்லை. எழுதும் செயலையே காண்கிறது. எங்கே தொடங்கினோம், எந்தப் பக்கம் வளைந்தோம், எங்கே தயங்கினோம் என்பதெல்லாம் வரிசையாக அதற்குத் தெரியும். தாளில் பார்ப்பவருக்கு இவை தெரியா. ஆயினும் அதற்கு இடர் தருவது எது தெரியுமா? கொம்பின் சிறு சுழி. எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் கொம்பை மேலே சுழித்து எழுதும் முறையை வகுத்தாரன்றோ? அச்சுழியை அவசரத்தில் அரைகுறையாக விடுபவர் நம்மில் பலர். அடுத்தது புள்ளி. நம்மவர் சொல்லை முழுதாக எழுதிவிட்டுப் பின்னர் ஒரே மூச்சில் புள்ளிகளைத் தெளிப்பது வழக்கம். காலவரிசையை நம்பிய பொறிக்கு, எப்புள்ளி எம்மெய்க்கு உரியது என்ற குழப்பம் எழுகிறது. ஓலைக்கு அஞ்சி நம் முன்னோர் விட்ட அதே புள்ளி!

இன்று கைப்பேசிகளிலேயே விரலால் தமிழ் எழுதினால் அச்செழுத்தாகிறது. நன்றாகவே ஆகிறது. நம் பங்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அகவை எண்பதைத் தாண்டியவர். நடுக்குவாதத்தால் அவர் விரல் விசைப்பலகையில் ஒரு விசையைத் தொட்டால் ஓர் எழுத்தே ஐந்தாறாக விழும். குவைத்தில் பணிபுரியும் மகள் சென்ற முறை வந்தபோது எழுத்தாணியோடு கூடிய பலகை ஒன்றை வாங்கித் தந்து சென்றார். நோயாளர் சந்திப்புக்காக நாம் அவரது இல்லம் சென்ற நாளில் அவர் அதனோடு போராடிக்கொண்டிருந்தார். எழுதுவார், பொறி வேறெதையோ காட்டும், அழிப்பார், மீண்டும் எழுதுவார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கையெழுத்துக் கற்பித்தவர், முதல் வகுப்புச் சிறுவனைப்போல் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே, பெரிது பெரிதாக, இரு கோட்டுக்குள் நிறுத்த முயன்றுகொண்டிருந்தார். "சாமி, என் எழுத்து கெட்டுவிட்டது" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அன்றிரவு மகளோடு தொலைபேசியில் பேசினோம். அவர் சற்றும் தயங்கவில்லை. "எதற்கு மாற்ற வேண்டும் ஃபாதர்? அப்பா எழுதியதை அப்படியே படமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்பா எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார்.

மறுநாள் சென்று, பலகையில் எழுத்தை மாற்றும் வசதியை நிறுத்தி வைத்துவிட்டு வந்தோம். இப்போது வாரம் ஒரு மடல் குவைத்துக்குப் போகிறது. வரிகள் வலப்பக்கம் சரிந்து இறங்குகின்றன. புள்ளிகளை அவர் பத்தியின் முடிவில் மொத்தமாக வைக்கிறார், சில விட்டுப்போகின்றன. சென்ற வாரம் மகளிடமிருந்து வந்த மறுமொழியை நம்மிடம் காட்டினார். அதுவும் கையெழுத்திலேயே இருந்தது. ஓரிடத்தில் ஒற்றுப் பிழை. சிவப்பு மை எங்கே இருக்கிறது என்று பலகையில் தேடித் தரச் சொன்னார்.